யார்டில் நிற்காத வண்டிகள்

நல்லசிவத்துக்கு மாரடைப்பு என்ற செய்தி வந்தபோது நாமக்கல் லாரிப் பேட்டையில் பாதிப் பேர் நம்பவில்லை. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தார்கள். எண்பத்தெட்டு எண்காரருக்கு எப்படி நெஞ்சு வலிக்கும்?

எண் என்றால் அப்போதெல்லாம் நல்ல கொழுப்பின் அளவுதான். ஓட்டுநர் இல்லாத லாரிகள் நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கிப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஒருவர் ரத்தத்திலிருந்து எச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்து, மிச்ச ரத்தத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்து, எடுத்ததை இன்னொருவருக்கு ஏற்றும் வித்தை வந்து பன்னிரண்டு வருடம். யாரிடமிருந்து எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள அரசாங்கம் எல்லோருக்கும் ரத்தம் பார்த்து ஓர் அட்டை கொடுத்தது. அறுபதுக்கு மேல் பச்சை ஓரம். நாற்பதுக்குக் கீழே சிவப்பு ஓரம். பச்சை ஓரக்காரர்கள் மட்டும்தான் தானம் தரலாம். ஆஸ்பத்திரிக்காக வந்த அந்த அட்டை மெல்ல மெல்லக் கல்யாணத் தரகரின் பைக்குள் போய், ஜாதகத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டது.

நல்லசிவம் அறுபது வயது நிறையும்வரை முப்பத்தொரு முறை தானம் தந்தவர். அதற்காகத் தந்த பித்தளைத் தகடு அவர் வீட்டு வாசல் தூணில் இருந்தது. வேலைக்காரம்மா தொட்டால் கீறல் விழும் என்று அதை அவரே துடைப்பார். அவருடைய மருமகள் நித்திலாவின் எண் இருபத்து நான்கு.

மருமகள் என்று அவர் அவளை ஒருநாளும் சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன், மோகனூர் ரோட்டில் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். அவருடைய மகன் சேந்தனும் அவளும் ஏற்கெனவே பேசி முடிவு செய்திருந்த விஷயம்தான். பேட்டையில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில் அவன் கை நரம்பு கிடைக்காமல் அவள் மூன்று முறை குத்தியிருந்தாள். நான்காவது முறை அவனே வேண்டுமென்று வரிசையில் நின்றான். அப்பா இல்லாத பெண். சுவரில் அப்பாவின் படத்துக்குக் கீழே நல்லசிவத்தை உட்கார வைத்து, நித்திலாவின் அம்மா காப்பி கொடுத்தார். தரகர் அட்டையை நீட்டினார். சிவப்பு ஓரத்தைப் பார்த்ததும் டம்ளரைத் தொடாமலே வைத்துவிட்டு எழுந்தார் நல்லசிவம்.

"ஜாதகத்துல தோசம்னா பரிகாரம் பண்ணிக்கலாம். இதுக்கு என்ன பரிகாரமுங்க? நாளைக்கு என்ற பேரன் அம்பது வயசுல நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தா யாரு பதில் சொல்றது?"

சேந்தன் பதிவு அலுவலகத்தில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கே குடிபோனான். அதன் பிறகு நல்லசிவம் மோகனூர் ரோட்டுப் பக்கம் காரைத் திருப்பியதே இல்லை.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இதயத்தின் மூன்று குழாய்களிலும் அடைப்பு. அறுவை சிகிச்சையை இதயம் தாங்காது. இருந்தது ஒரே வழி, வாரா வாரம் நல்ல கொழுப்பை ஏற்றுவது. தொண்ணூறு எண்காரர் ஒருவரின் பை நான்கு வாரம் ஏறியது. அடைப்பு அசையவில்லை. ஐந்தாவது வாரம் டாக்டர் பானுரேகா அவருடைய மனைவி சுகந்தியைத் தனியே கூப்பிட்டு, "மூணு மாசத்துக்கு மேல தாங்காதும்மா" என்றார். சுகந்தி வெளியே வந்து முதல் வேலையாக மருமகளுக்குப் போன் செய்தாள். மூன்று வருடமாகவே ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்த போன்தான்.

மறுநாள் காலை நித்திலா ஒரு படிவத்துடன் வந்தாள். அதே வளாகத்தில் இருந்த நாமக்கல் தான மையத்தின் ஆய்வகத்தில்தான் அவளுக்கு வேலை. சேந்தன் அறை வாசலிலேயே நின்றுகொண்டான்.

"மாமா, இது உறவுத் தானப் படிவம். குடும்பத்து ஆளுன்னா எண் பார்க்க வேண்டியதில்லை. வாங்கிக்கறவங்க கையெழுத்து மட்டும் போதும். நான் தர்றேன்."

நல்லசிவம் அவளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார். "தொண்ணூறே வேலைக்கு ஆகலை. இருபத்து நாலு என்னத்தக் கிழிக்குமாம்? கேளு."

"என்னையே கேளுங்க மாமா, பக்கத்துலதான நிக்கறேன்." நித்திலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கெட்ட கொழுப்புன்னு சொல்றமே, அது ஈரல்ல இருந்து கொழுப்பை ஏத்திட்டு உடம்பெல்லாம் இறக்கிட்டு வருது. எறக்குற எடத்துல மிஞ்சிப் போறது ரத்தக் குழாய்ச் சுவத்துல தங்கிருது. தங்குனதைச் சில செல்லுங்க முழுங்கி வீங்கிப்போய் அங்கயே உக்காந்துக்குது. அதுதான் அடைப்பு. நல்ல கொழுப்பு காலியா அங்க போயி, அந்த மிச்சத்தை ஏத்தி, திரும்ப ஈரலுக்கே கொண்டு வந்து இறக்கும்."

"ரிட்டர்ன் லோடு" என்றார் நல்லசிவம், தன்னை மறந்து. பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"அதேதாங்க. ரிட்டர்ன் லோடு வண்டிதான். போற வழியில சுவத்துப் புண்ணையும் ஆத்திட்டுப் போகும். உங்க அட்டையில இருக்கறது ரத்தத்துல எத்தனை வண்டி நிக்குதுன்ற எண்ணிக்கை. எத்தனை வண்டி லோடு எடுக்குதுன்னு அதுல இல்லை. நெறையப் பேருக்கு ரெண்டும் ஒத்துப்போகும். சிலருக்கு ஒத்துப்போகாது."

"அப்ப என்ற வண்டி ஓடாத வண்டின்னு சொல்றியா?" கடைசியில் அவளிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

நித்திலா பதில் சொல்வதற்குள் சுகந்தி சிரித்துவிட்டாள். அந்த அறையில் ஐந்து வாரத்தில் கேட்ட முதல் சிரிப்பு.

"ஏனுங்க, எங்கப்பாரு உங்க வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தது ஞாபகம் இருக்குதுங்களா?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்றேன் கேளு நித்திலா. எங்கூர்ல லாரிக்காரங்க வீட்டுல பொண்ணு குடுக்கறதுன்னா மொதல்ல யார்டுல வண்டி எண்ணுவாங்க. எங்கப்பாரும் எண்ணுனாரு. ஏழு வண்டி, பெயிண்ட் அடிச்சு, மாலை போட்டு, வரிசையா நிக்குது. அசந்துட்டாரு. கல்யாணம் முடிஞ்சு வந்து பார்த்தா ஏழுல ஒண்ணுக்குக் கூட இஞ்சின் ஓடாது! பட்டறையில இருந்து ராத்திரியோட ராத்திரியா கயிறு கட்டி இழுத்துட்டு வந்து நிறுத்தியிருக்காங்க உன்ற மாமனாரும் அவரு தம்பியும்."

"நாலு வண்டி நல்லாத்தான்டி ஓடுச்சு" என்றார் நல்லசிவம் ரோஷத்தோடு.

"ஓடுச்சுங்க. அந்த நாலுதான் அப்புறம் எனக்குச் சோறு போட்டுச்சு. ஆனா அன்னிக்கு அது நாலும் பூனா ரோட்டுல இருந்துச்சு. எங்கப்பாரு அதை எண்ணவே இல்லை."

வாசலில் சேந்தன் சுவரோடு திரும்பி நின்று சிரித்தான். நல்லசிவம் சிரிக்கவில்லை. அவர் கண்கள் மேலே சுழன்ற மின்விசிறியில் இருந்தன. நாற்பது வருடம் லாரித் தொழில் செய்தவர். யார்டில் வண்டி நிறைந்து நிற்கும் நாள் நல்ல நாள் இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உன்ற இருபத்து நாலு எல்லாம் ஓடற வண்டின்னு எப்படித் தெரியும்?"

"ஆய்வகத்துல ஒரு தட்டுல வீங்குன செல்லுகளை வெச்சு, அதுல ஒருத்தரோட நல்ல கொழுப்பை விட்டுப் பார்ப்போம். எவ்வளவு சீக்கிரம் லோடு எடுக்குதுன்னு திரையில ஒரு கோடு ஏறும். ஆளுக்கு ஆள் அது வேற, கைரேகை மாதிரி. என்னோடது போற வேகத்துக்கு எடுத்து, இறக்கி, கலைஞ்சு போயிருது. அதனாலதான் எண்ணுனா ரத்தத்துல கொஞ்சமா இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "உங்களோடதையும் வெச்சுப் பார்த்தேன் மாமா. கோடு ஏறலைங்க."

நல்லசிவம் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உன்ற வீட்டுல காப்பியக் கூடத் தொடாம எந்திரிச்சு வந்தவன் நான். எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்கிட்ட இதை வாங்கறது?"

"நீங்க மன்னிப்புக் கேக்க வேண்டாம், நானும் அதை எதிர்பார்த்து வரலை. பேனா இந்தாங்க."

கையெழுத்துப் போட்டார். வண்டிப் பத்திரங்களில் போடும் அதே நீளமான, கோடிழுத்த கையெழுத்து.

டாக்டர் பானுரேகா நித்திலாவிடம் மறைக்காமல் பேசினார். பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அவளுடைய சொந்தக் காவலான நல்ல கொழுப்பு நான்கைந்து நாளுக்கு இல்லாமல் போகும். களைப்பு இருக்கும். முடியும்வரை கருத்தரிக்கக் கூடாது. சேந்தன் கேட்டுவிட்டு வெளியே வந்து, காரை எடுக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நம்ம ரெண்டு பேரும் ஆடிக்கு அப்புறம்னு பேசி வெச்சிருந்தோம்" என்றான்.

"தைக்கு அப்புறம்னு வெச்சுக்கலாம். உங்க அப்பாவும் இருந்தா கொஞ்சுறதுக்கு ஓர் ஆள் கூடுதலா இருக்கும்ல?"

"அவரு கொஞ்சுவாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"பித்தளைத் தகட்டையே அந்தத் துடை துடைக்கறாரு."

அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

முதல் புதன்கிழமை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள். ஒரு கட்டிலில் நித்திலாவின் கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. மறுபுறம் ஒரு சின்னப் பையில் வெளிர்மஞ்சளாக ஏதோ சேர்ந்தது. அதில் ஒளிரும் சாயம் கலந்து நல்லசிவத்தின் கைக்கு ஏற்றினார்கள். எதிரே திரையில் அவருடைய இதயக் குழாய் இருட்டு வாய்க்கால் மாதிரித் தெரிந்தது. வளைவில் சுவர் தடித்து, வழி ஊசிமுனையளவு இருந்தது.

"அங்க பாருங்க ஐயா" என்றார் டாக்டர்.

பச்சையாக ஒரு மினுக்கம் வந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாமல். ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு துகள் என்றார் டாக்டர். தனியாக ஒன்றைப் பார்க்க முடியாது, கூட்டமாகச் சேரும்போது மட்டும் ஒளி தெரியும். அந்த ஒளி ரத்தத்தோடு அடித்துக்கொண்டு போகவில்லை. தடித்த சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் ஒதுங்கியது. உள்ளே நுழைந்தது. யாரும் வழி காட்டவில்லை. சற்று நேரத்தில் சுவரின் மறுபுறத்திலிருந்து வெளியே வந்தது. வெளியே வரும்போது அதன் நிறம் மாறி ஆரஞ்சாக இருந்தது.

"நெறம் மாறுனா லோடு ஏறிருச்சுன்னு அர்த்தம்" என்றாள் நித்திலா பக்கத்துக் கட்டிலிலிருந்து.

ஆரஞ்சு மினுக்கங்கள் ஈரலை நோக்கிப் போயின. போகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் பச்சை ஒன்று வந்துகொண்டே இருந்தது. நல்லசிவம் வாயைத் திறந்தபடி பார்த்தார். முதல் வண்டியை மும்பைக்கு அனுப்பிய நாளில் கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"கிளீனரு இல்லை, டிரைவரு இல்லை. ஆரனு கூட அடிக்கறதில்லை" என்றார் மெதுவாக. "சுமந்துட்டுப் போறதை யாரும் பாக்கறதும் இல்லை. ஏம்மா, இது நம்ம எல்லார் உடம்புலயும் நடக்குதா?"

"நம்ம தூங்கறப்பவும் நடக்குதுங்க ஐயா" என்றார் டாக்டர்.

ஏழாவது புதன்கிழமைக்குள் அவர் அவளோடு பேசப் பழகியிருந்தார். புதன்கிழமை தவறாமல் சுகந்தி கொண்டுவரும் தூக்குப்போசியில் இரண்டு பேருக்கும் கொள்ளுச் சாறு இருந்தது. நித்திலாவின் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று கேட்டார்.

"இந்தக் கோடு பாக்கற யோசனையெல்லாம் உனக்கு எப்படி வந்துச்சு?"

"எங்கப்பாவாலதாங்க." அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டர். தங்கவேலுன்னு பேரு. ஓடற மனுசன், அவருக்கே அடைப்பு. இந்த மையத்துலதான் எட்டு மாசம், மாசம் ரெண்டு பைன்னு நல்ல கொழுப்பு ஏத்துனாங்க. எல்லாம் ஒரே ஆளு குடுத்தது. கொடையாளர் எண் நூத்திப் பதினேழு. பேரைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம், பையில அந்த எண்ணும் கொழுப்பு அளவும் மட்டும்தான் இருக்கும். அப்பா ஒவ்வொரு பைக்கும் கையெடுத்துக் கும்பிடுவாரு. 'யாரு பெத்த புள்ளையோ, எனக்காக வந்து படுத்துக் குடுக்குது'ன்னு சொல்லுவாரு. குணமானதும் நூத்திப் பதினேழை எப்படியாவது கண்டுபுடிச்சு, வீட்டுக்குக் கூப்பிட்டுத் தலைவாழை இலையில சாப்பாடு போடணும்னு ஆசை. ஆனா அடைப்பு அசையவே இல்லை. அவரு போயி ஆறு வருசமாச்சுங்க."

நல்லசிவம் தன் கைக்கு மேலே தொங்கிய பையைப் பார்த்தார்.

"எண்பத்தெட்டு எண்காரர் குடுத்தும் ஏன் வேலை செய்யலைன்னு எனக்கு ஆறவே இல்லை. படிச்சுட்டு இங்கயே வேலைக்கு வந்தேன். மிச்சம் வெச்சிருந்த பையில இருந்து நான் மொதமொதல்ல சோதிச்சது நூத்திப் பதினேழைத்தான். கோடு தரையோட தரையாப் படுத்துக்கிச்சு. அதுக்கப்புறம்தான் எண்ணை விட்டுட்டு வேலையைப் பார்க்க ஆரம்பிச்சேன்."

நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நர்ஸ் விளக்கைக் குறைத்தாள். அவர் தூங்கவில்லை. தானம் தருகிற ஒவ்வொரு முறையும் அந்த மஞ்சள் பையில் ஒட்டிய எண்ணை அவர் பெருமையோடு பார்த்திருக்கிறார். முப்பத்தொரு முறை.

அடுத்த வாரங்களில் அவர் பேச்சு குறைந்தது. சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நெஞ்சு வலிக்குதுங்களா?" என்று சுகந்தி பதறினாள். "இல்லை" என்றார். வீட்டுத் தூணில் இருந்த தகட்டை ஒரு நாள் திருப்புளி வைத்து அவரே கழற்றினார். அந்த எண் யாருடையது என்று யாருக்கும் தெரியாது, சொல்லாவிட்டால் தெரியாமலே போய்விடும். சட்டமே பெயரை மறைத்து வைத்திருக்கிறது. பிழைத்து எழுந்து, மருமகளை ஏற்றுக்கொண்டு, பேரனைக் கொஞ்சிக்கொண்டு இருந்துவிடலாம். அவளுடைய அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார வேண்டி வந்தால்தான் சிரமம்.

பன்னிரண்டாவது புதன்கிழமை டாக்டர் பானுரேகா படத்தைத் திரையில் போட்டார். எண்பத்தைந்து சதவீதம் அடைத்திருந்த வளைவு ஐம்பதுக்கு வந்திருந்தது. ஊசிமுனையளவு இருந்த வழியில் ரத்தம் அகலமாக ஓடியது. சுகந்தி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சேந்தன் பேட்டைக்குப் போன் செய்ய வெளியே ஓடினான்.

கடைசிப் பையும் தீர்ந்தது. நித்திலா கையில் பஞ்சை அழுத்தியபடி எழுந்து உட்கார்ந்தாள். நல்லசிவம் கட்டிலில் இருந்து இறங்கி அவள் முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து, ஓரம் தேய்ந்த பழைய கொடையாளர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"கண்ணு, இதைப் பாரு."

எண் 117.

"நல்லது பண்றதா நெனச்சுத்தான் குடுத்தேன்." எண்ணின் மேல் விரல் வைத்தார். "உங்கப்பாவுக்கு நான் குடுத்தது வெறும் பெயிண்ட் அடிச்ச வண்டிடா."

அவள் அட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"தெரியுங்க மாமா."

"என்னது?"

"கோடு கைரேகை மாதிரின்னு சொன்னேனே. நீங்க இங்க சேர்ந்த அன்னிக்கு உங்க ரத்தத்தைச் சோதிச்சேன். பழைய கோடும் அதுவும் ஒண்ணா இருந்துச்சு. படிவத்தை எடுத்துட்டு உங்ககிட்ட வந்தது அதுக்கு அப்புறம்தான்."

சுகந்தி அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா குடுத்த?" என்று கேட்டார். "தெரிஞ்சும் பன்னெண்டு வாரம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"எட்டு மாசம் எங்கப்பாவுக்கு நம்பிக்கை குடுத்தவரு நீங்க. அந்த எட்டு மாசமும் எங்க வீட்டுல யாரும் அழுகலைங்க." பஞ்சை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது. "நீங்களாச் சொல்றதுக்கு முன்னாடி நான் கூப்பிட்டிருந்தா நீங்க மருமக வீட்டுக்கு வந்திருப்பீங்க. நூத்திப் பதினேழா வந்திருக்க மாட்டீங்க. எங்கப்பா இலை போடணும்னு ஆசைப்பட்டது அவருக்குத்தான்."

அட்டையை அவர் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க மாமா. அம்மா கிட்ட நான் சொல்லிக்கறேன்."

நல்லசிவம் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். திரையில் பதிவாகியிருந்த அவருடைய இதயம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நித்திலாவின் பச்சை மினுக்கங்கள் உள்ளே போய் ஆரஞ்சாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காலையிலயே வந்தர்றேன் கண்ணு" என்றார். "உங்கம்மாளைக் காப்பி போடச் சொல்லு. அன்னிக்கு வெச்சுட்டு வந்தது அப்படியே இருக்குது."